பல் கூசும் இடம்

ஊரில் ‘திருத்தி’ என்கிற கருவி மாட்டாத காதே கிடையாது. எவ்வளவு கர்ணகடூரமான சத்தத்தையும் அது இனிமையாக்கித்தான் உள்ளே விடும்.

பெரம்பூர் ஜெரோம் கிதார் கலைஞர். ஸ்டுடியோவில் மட்டும் திருத்தியைக் கழற்றி வைப்பார். கிதார் கம்பிகளை மீன் செதில் சீவும் கத்தியால் தேய்த்தும், ஓடுகிற மிக்ஸிமேல் சாய்த்து அலறவிட்டும், இரண்டு வருடம் அங்கேயே கிடந்து ஓர் ஆல்பம் போட்டார். கேட்டவர்கள் எல்லோரும் தாலாட்டு மாதிரி இருக்கிறது என்றார்கள். ஒரு பிரசவ ஆஸ்பத்திரி அதைத் தினமும் ஒலிபரப்பியது. ஜெரோமுக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் மனைவி மெர்லினும் அதைப் போட்டுவிட்டுத்தான் சமைப்பாள். ஒரு நாள் குனிந்து கிளறும்போது ஒரு காதின் திருத்தி கழன்று மீன்குழம்பில் விழுந்தது.

“ஐயையோ! என்னங்க இந்தக் கண்றாவி? நிறுத்துங்க!”

ஜெரோம் ஓடி வந்தார். “கண்றாவியா? எந்த இடம்?”

“இப்ப ஓடுதே, இதுதான். பல்லெல்லாம் கூசுது.”

“மூணாவது பாட்டு,” என்றார் ஜெரோம். “அந்தக் கூச்சத்துக்குத்தான், மெர்லின், நாயா உழைச்சேன்.”

மறுநாளே அவள் புதுத் திருத்தி வாங்கிக்கொண்டாள். சமைக்கும்போது இப்போதும் அதே ஆல்பம்தான். மூன்றாவது பாட்டு வந்ததும் மட்டும் அடுப்பைத் தணித்துவிட்டு, இரண்டு திருத்திகளையும் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொள்வாள். முகத்தைச் சுளித்தபடி கடைசிவரை கேட்பாள்.

அந்தச் சுளிப்பைப் பார்த்த பிறகுதான் ஜெரோமுக்குப் பசி எடுக்கிறது.