ஒரே அக்கவுண்டில் இரண்டு நடுவர்கள்

“அவனைத் தூக்கிடும்மா” என்றார் பட்டிமன்ற நடுவர் சித்தார்த்தன், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே.

அவன் என்றால் வளவன். அவனும் பட்டிமன்ற நடுவர். இருவருடைய வெப்சைட்டுகளும் ஒரே ஹோஸ்டிங் அக்கவுண்டில் இருந்தன. இணையத்தில் வாடகைக்கு எடுத்த அந்த இடம் சித்தார்த்தன் பெயரில்.

இரண்டையும் செய்து கொடுத்த பேட்ரிசியா, மேலப்புதூர் ஆபீசில் கம்ப்யூட்டருக்குப் பின்னாலிருந்து அவரைப் பார்த்தார்.

வளவன் சித்தார்த்தனின் பட்டிமன்றக் குழுவில் மூன்றாவது பேச்சாளராக, மைக் தன் பக்கம் வருமா என்று பார்த்துக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. “நம்ம அக்கவுண்டுலயே தம்பிக்கும் ஓரமா ஒரு எடம் குடும்மா” என்று அப்போது சொன்னவர் சித்தார்த்தன்தான். ‘ஓரமா’ என்பதைக் கொஞ்சம் ரசித்தே சொன்னார்.

இப்போது பொன்மலையில் ஃப்ளெக்ஸ் வைத்தாலும் லால்குடியில் வைத்தாலும் தம்பியின் முகம்தான். வருகிற சால்வைகளை வைக்க இடமில்லாமல் டிரைவருக்குக் கொடுத்துவிடுகிறானாம். சித்தார்த்தன் தன்னுடையவற்றை இஸ்திரி போட்டு பீரோவில் வைத்திருக்கிறார்.

“என் வீட்டுலயே குடியிருந்துகிட்டு, என்னைத் தேடி வர்ற ஆளை வாசல்லயே மறிக்கிறான். இந்தச் சித்திரைத் திருவிழாவுக்கு எனக்குத் துறையூர் பட்டிமன்றம் ஒண்ணுதாம்மா வந்திருக்கு.”

முதல் வாக்கியம், ஸ்ரீரங்கத்திலிருந்து பாலம் தாண்டி வரும்போது ஒத்திகை பார்த்தது. இரண்டாவது தானாக வந்துவிட்டது.

“யாரும் மறிக்கல சார். ஒரே அக்கவுண்டா இருந்தாலும் அவர் வாசல் வேற, உங்க வாசல் வேற” என்றார் பேட்ரிசியா. “ஆனா உங்க அட்ரஸை யாரும் டைப் பண்றதே இல்ல.”

அந்த முகவரி சித்தார்த்தனே கேட்டு வாங்கியது. நாவேந்தர், பைந்தமிழ்ப் புயல், மேடை வேங்கை ஆகிய பட்டங்களை ஒன்றுவிடாமல் ஆங்கில எழுத்தில் கோத்து, கடைசியில் பெயரைச் சேர்த்தது. விசிட்டிங் கார்டில் அது இரண்டு வரிக்கு ஓடும். தம்பியின் முகவரியில் வெறும் பெயர்.

“அப்ப துறையூர்க்காரங்க எப்படிம்மா வந்தாங்க?”

மேடையில் பேச்சாளரை மடக்கும்போது வரும் குரல் அது. மூன்றாவது வரிசையிலிருந்து கைதட்டல் வர வேண்டிய இடம்.

பேட்ரிசியா திரையை அவர் பக்கம் திருப்பினார். வளவனின் வெப்சைட். அதன் அடியில் தபால்தலை அளவுக்குச் சித்தார்த்தனின் படம். பக்கத்தில் சின்ன எழுத்தில்: ‘நான் வர இயலாத நாட்களில் என் ஆசானை அழைக்கலாம்.’

“உங்க சைட்டுக்கு வர்றவங்க எல்லாருமே இதை அழுத்தித்தான் சார் வர்றாங்க.”

சித்தார்த்தன் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். ‘ஆசான்’ என்பதில் கொஞ்ச நேரம் நின்றார். ‘வர இயலாத நாட்களில்’ என்பதில் அதைவிட அதிக நேரம் நின்றார்.

“அவர் சைட்டை எடுத்துடவா சார்? நீங்க சொன்னா இப்பவே எடுத்துடறேன்.”

தீர்ப்புக்கு முன் தண்ணீர் குடிப்பது அவர் வழக்கம். கேட்டு வாங்கிக் குடித்தார்.

“அந்த போட்டோவை மட்டும் கொஞ்சம் பெருசா வைம்மா.”