ஒரு ஜோடி வேப்பிலை

வேப்பிலைத் தோடு ஜோடியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, வாங்க வந்த அந்த அம்மா வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மேசைக்குப் பின்னால் அவள் காத்திருந்தாள்.

ஈரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். ஞாயிற்றுக்கிழமை காலை, கைவேலைக் கண்காட்சி. அவளுக்குக் கிடைத்தது கதவோரம் ஒரு மேசை. அதன்மேல் கறுப்புத் துணி விரித்து, பாலிமர் கிளே என்கிற செயற்கைக் களிமண்ணில் நான்கு மாதமாக உட்கார்ந்து செய்த தோடுகளை வரிசையாக அடுக்கியிருந்தாள்.

“வேப்பிலைக்கு நரம்பு நட்ட நடுவுல ஓடாது. ஒரு பக்கமா ஒதுங்கித்தான் போகும்” என்றார் அந்த அம்மா. “அதைப் பார்த்துச் செஞ்சிருக்கறயே, அம்மிணி.”

இதுவரை யாரும் அதைக் கவனித்ததில்லை.

பெண்கள் பள்ளியில் முப்பது வருடம் டிராயிங் டீச்சராக இருந்தவராம். இலையின் ஓரத்துப் பற்களை விரல் நுனியால் தடவினார். ஊசியால்தானே கீறினாய் என்று கேட்டார். நுனி லேசாக வளைந்திருக்கிறதே, வளைத்து வைத்துத்தான் ஓவனில் வைத்தாயா என்று கேட்டார். கேட்டதெல்லாம் சரி. ஊசி, வளைவு, ஒன்றுக்கு மூன்று முறை வீணாய்ப்போனது, எல்லாவற்றையும் ஒருவர் பார்த்துவிட்டார்.

அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“எல்லாத்தையும் விட எனக்குப் புடிச்சது இதுதான், கண்ணு. ஒண்ணு பச்சை, ஒண்ணு காஞ்ச சருகு. ஒரே மரத்துல ரெண்டும் இருக்குமல்ல? எப்படித் தோணுச்சு உனக்கு?”

அவள் தோட்டைப் பார்த்தாள்.

இரண்டும் பச்சை.

மறுபடி பார்த்தாள்.

இரண்டும் பச்சைதான்.

அவள் கண் நரம்பு சுருங்கிக்கொண்டு வருகிறது என்று போன வருடம் கோயமுத்தூரில் டாக்டர் சொல்லியிருந்தார். மருந்து இல்லை. முதலில் நிறம் போகும். மற்றதெல்லாம் அதன் பின்னால் போகும்.

அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கொடியில் கிடக்கும் கணவனின் சிவப்புத் துண்டைப் பார்ப்பாள். சிவப்பாகத்தான் இருக்கும். நிம்மதியாகப் போய்ப் பாலை அடுப்பில் வைப்பாள்.

சிவப்பு என்று தெரிந்த துண்டு சிவப்பாகத்தானே தெரியும்.

அது இப்போதுதான் உறைத்தது.

“சொல்லு, அம்மிணி.”

“தானாத் தோணுச்சுங்க.” கைக்கண்ணாடியை எடுத்து நீட்டினாள். “பச்சையை எந்தக் காதுக்குப் போடுவீங்க?”

“இடது காதுக்கு.”

கண்ணாடியைப் பார்த்து மாட்டிக்கொண்டார். தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பிக் காட்டினார்.

அவள் இடது காதைப் பார்த்தாள். வலது காதைப் பார்த்தாள். கண்ணை மூடித் திறந்து இன்னொரு முறை பார்த்தாள்.

“நல்லா இருக்குதுங்க” என்றாள்.

“எம் பொண்ணுக்கும் இதே மாதிரி ஒண்ணு வேணும். இதே ரெண்டு கலரு. செஞ்சு குடுப்பயா?”

“செஞ்சு தர்றேனுங்க.”

தோட்டைக் காதிலேயே போட்டுக்கொண்டு அந்த அம்மா படியிறங்கும்போது, நாத்தனார் சுகந்தி இரண்டு டம்ளர் டீயோடு எதிரே ஏறி வந்தாள். அந்தக் காதுகளைப் பார்த்தவள் அப்படியே நின்றாள்.

பிறகு அண்ணியின் முகத்தைப் பார்த்தாள்.

“எப்ப இருந்து தெரியும், சுகந்தி?”

சுகந்தி டீயை வைக்க மேசையில் இடம் தேடினாள்.

“உன்னைத்தான் கேக்கறேன்.”

“ஆடியில இருந்து, அண்ணி.”

இது தை.

“மத்தியானம் நீங்க படுத்திருக்கறப்ப நான் ஜோடி மாத்திச் சேத்து அட்டையில குத்திருவேன். பச்சைக்குப் பச்சை, காப்பிக் கலருக்குக் காப்பிக் கலரு. சேராததைத் தனியா எடுத்து வெச்சிருவேன். நேத்து அவசரத்துல இது ஒண்ணு விட்டுப்போச்சு.”

“எடுத்து வெச்சதா? வித்துப்போச்சுன்னு சொன்னியே.”

சுகந்தி டம்ளர்களைக் கை மாற்றிப் பிடித்தாள்.

“எத்தனை?”

“ஒரு டப்பா நெறைய இருக்குது.”

“உங்க அண்ணனுக்கு?”

“அண்ணன்தான் சொல்ல வேண்டாம்னாரு.”

சுகந்தியை ஓங்கி ஒரு அறை விட வேண்டும் போலிருந்தது. அவள் தோளில் விழுந்து அழ வேண்டும் போலவும் இருந்தது. சுற்றிலும் கூட்டம். இரண்டையும் செய்யவில்லை.

மேசையைப் பார்த்தாள். நாற்பது ஜோடிக்கு மேல் இருந்தன. எல்லாம் அவள் கையால் உருட்டி, வெட்டி, கீறியவை. அவற்றில் எது அவள் சேர்த்த ஜோடி, எது சுகந்தி சேர்த்த ஜோடி?

தெரியவில்லை.

காலையில் அவ்வளவு அழகாக இருந்த மேசை.

“ஏனுங்க, இதுல அரக்குக் கலரு இருக்குதுங்களா? பட்டுச் சேலைக்குப் போடோணும்.”

இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண்.

எடுத்துக் கொடுக்கிற பழக்கத்தில் அவள் கை நீண்டது. பாதி மேசை தாண்டி, தோடுகளுக்கு மேலே நின்றது.

எந்தத் தோட்டின் மேலும் இறங்கவில்லை.

சுகந்தி டீயைக் கீழே வைத்தாள். அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்து, அந்தப் பெண்ணுக்குத் தெரியாமல், மெல்ல இரண்டு வரிசை தள்ளி இறக்கினாள்.

விரலில் பட்டதை அவள் எடுத்து நீட்டினாள்.

“அரக்குங்க” என்றாள்.