ஐந்தாவது மூலை

“நீ பார்த்தது ஒட்டுண்ணியா, இல்ல கண்ணாடியில ஒட்டின தூசியாடி?”

என்றைக்கோ எல்லோர் முன்னாலும், ஆய்வகமே ‘கழுகு’ என்று கூப்பிடும் மூத்தவள் கேட்ட கேள்வி அது. “தூசியாத்தான் இருக்கும்கா” என்று இளையவளும் அந்த நிமிடமே பின்வாங்கினாள். ஆய்வகமே சிரித்தது. அன்றிலிருந்து அவளுக்குப் பெயரே தூசி.

இன்று தூசிக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஏற்றுமதிக்கு வந்த பாறை மீன்களில் ஒன்றின் சதையைக் கிள்ளி, உப்புநீரில் கரைத்து, நுண்ணோக்கியில் வைத்தவள், “ஐயோ!” என்று தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

மீன் சதைக்குள் திருட்டுக் குடித்தனம் நடத்தும் ஒட்டுண்ணிகளைக் கண்டுபிடிப்பதுதான் அங்கே எல்லோருக்கும் வேலை. வெறும் கண்ணுக்கு அவை தெரியாது. உயிரோடு இருக்கும்வரை மீன் வாட்டசாட்டமாக நீந்தும். செத்த பிறகு சதை கூழாகிவிடும். வாங்கியவன் தலையில் துண்டு. அந்த ஒட்டுண்ணியின் வித்து மேலிருந்து பார்த்தால் நாலு இதழ்ப் பூ மாதிரி இருக்கும். இதுவரை அங்கே வந்த எல்லா மீனிலும் நாலு மூலைதான்.

தூசி பார்த்ததற்கு ஐந்து!

ஆனால் அந்த ஆய்வகத்தில் ஒரு சட்டம் உண்டு. ஒருத்தர் பார்த்தால் கதை, ரெண்டு பேர் பார்த்தால்தான் கணக்கு. இரண்டாவது ஆளாகப் பார்த்துச் சொல்லும் தகுதி கழுகு ஒருத்திக்குத்தான். பார்த்த மாத்திரத்தில் பெயர் சொல்லும் கண் அவளுக்கு.

அந்தக் கழுகுக்கு இன்று கடைசி நாள். ஓய்வு பெறும் வயதுகூட ஆகவில்லை. ஏன் வேலையை விடுகிறாள் என்று கேட்டால், “அலுத்துப்போச்சு” என்பாள். வேறு இடத்தில் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருப்பார்கள் என்று ஊழியர்கள் பேசிக்கொண்டார்கள்.

நாளைக்கென்று தள்ளிப்போடவும் முடியாது. நேரமானால் வித்து சுருங்கி, மூலையெல்லாம் மழுங்கிவிடும்.

பக்கத்து அறையில் பிரிவுபசாரத் தேநீர் நடந்துகொண்டிருந்தது. தூசி மூச்சிரைக்க உள்ளே ஓடினாள்.

“அக்கா, கொஞ்சம் வாங்களேன்!”

“என்னடி, இன்னிக்குமா தூசி?”

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள்.

“அஞ்சு மூலைக்கா.”

சிரிப்பு நின்றது. கழுகு படாரென்று எழுந்தாள். அவசரத்தில் மேசையின் விளிம்பில் வைத்த கோப்பையை நல்லவேளையாக யாரோ பிடித்துக்கொண்டார்கள்.

“பிடிடி கையை. நட!”

அது இரட்டைத் தலை நுண்ணோக்கி. எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு பேர் ஒரே காட்சியைப் பார்க்கலாம். கழுகு வந்தால் உட்கார்ந்திருப்பவளை இடித்துத் தள்ளிவிட்டுத் தானே முதல் இருக்கையைப் பிடிப்பாள். எதிர் இருக்கையை யாரும் சீந்துவதே இல்லை.

“நீயே உட்காரு” என்றாள் கழுகு. “நான் இந்தப் பக்கம் பார்க்கறேன்.”

கடைசி நாள் மரியாதை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் தூசி. எதிர்ப்பக்கம் கழுகு குனிந்து முகத்தை வைத்தாள்.

“ம்... சொல்லு.”

“நீங்கதான் பார்க்கறீங்களேக்கா?”

“என் கண்ணு பார்க்கறது எனக்குத் தெரியும். உன் கண்ணு என்ன பார்க்குதுன்னு உன் வாய் சொல்லட்டும்.”

தூசி கண்ணை வில்லையில் வைத்தாள். “நட்சத்திரம் மாதிரி இருக்குக்கா. ஒவ்வொரு மூலைக்குள்ளயும் ஒரு குட்டிப் பை. பைக்குள்ள நூல் சுருண்டிருக்கு. நாலு பை ஒரே அளவு. ஒண்ணு மட்டும் பெரிசு, குண்டா, வீட்டுக்கு மூத்த பிள்ளை மாதிரி.”

“ஓரம் வழுவழுன்னா, பிசிறா?”

“வழுவழுன்னு.”

“பக்கத்துல?”

“இன்னும் நிறைய. எல்லாம் அதே அச்சு.”

கழுகு கண்வில்லையிலிருந்து முகத்தை எடுக்கவே இல்லை. பிறகு பழைய குரல் வெடித்தது.

“ஏண்டி, நாலு மூலைதானே தெரியுது? எங்க இருக்கு அஞ்சு?”

தூசி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். ‘நாலாத்தான் இருக்கும்கா’ என்ற பதில் தொண்டைவரை வந்துவிட்டது. மறுபடியும் குனிந்தாள். திருகைத் திருகினாள். பார்த்தாள்.

“இல்லக்கா. அஞ்சுதான்.”

“நான் நாலுங்கறேன்!”

“நீங்க சொன்னாலும் அஞ்சுதான்! நல்லாப் பாருங்க!”

சொன்ன பிறகுதான் தன் குரல் எவ்வளவு உயர்ந்துவிட்டது என்று அவளுக்கே தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கழுகு மேசையில் ஓங்கித் தட்டினாள். “அடி சக்கை! இதுக்குத்தான்டி காத்துக்கிட்டிருந்தேன். அஞ்சேதான்! புதுசுடி இது, புத்தம் புதுசு! எங்க கையெழுத்து? இடத்தைக் காட்டு.”

பதிவேட்டில் தூசி விரல் வைத்த இடத்தில் கிறுக்கலாக ஒரு கையெழுத்து ஏறியது. கழுகு அவள் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள்.

“இனிமே எவனாவது உன்னைத் தூசின்னு கூப்பிட்டா, என்கிட்ட அனுப்பு. நாளையிலிருந்து இங்க ரெண்டாவது ஆளாப் பார்க்கப்போறது நீதான். தலைவர்கிட்ட அப்பவே சொல்லிட்டேன்.”

சொல்லிவிட்டுக் கழுகு வாசல் பக்கம் திரும்பினாள். தூசிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் பொங்கின. கழுகு கண்ட காட்சியைக் கழுகின் இடத்திலிருந்தே ஒருமுறை பார்த்துவிட வேண்டும் போலிருந்தது. எதிர் இருக்கைக்கு ஓடிப்போய்க் குனிந்தாள்.

ஒரே இருட்டு.

தடவிப் பார்த்தாள். அந்தப் பக்கத்துக் கண்வில்லைகள் இரண்டிலும் கறுப்பு மூடிகள் போட்டது போட்டபடியே இருந்தன.

“அக்கா...”

வாசலில் கழுகு நின்றாள். திரும்பவில்லை. பிறகு, சுவரை விரல்களால் தடவிக்கொண்டே போய்விட்டாள்.