வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ்

கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாள்.

பில் முடிந்துவிட்டது. இன்சூரன்ஸ்காரர்கள் சரி என்று சொல்லிவிட்டார்கள். மருந்துப் பை தயார். வழக்கமாகச் சாயங்காலம் வரை இழுக்கிற வேலை. மாடிக்கும் கீழுக்கும் நாயாய் அலைந்து பத்தரைக்கெல்லாம் முடித்திருந்தாள் மேனேஜரான இவள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வெள்ளிக்கிழமை. பத்தரை.

ராகு காலம்.

அடக் கடவுளே!

ஆஸ்பத்திரி நிர்வாகம் என்று இரண்டு வருஷம் படித்தாள். பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ராகு காலத்தில் யாரும் கிளம்ப மாட்டார்கள் என்று ஒரு வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. ஈரோட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு அதை வாத்தியாரா வந்து சொல்ல வேண்டும்?

வெளியே தாழ்வாரத்தில், ஸ்ட்ரெச்சரில் இன்னொரு பெண். சிசேரியன் முடிந்து வந்தவள். இந்தக் கட்டில் காலியானால்தான் அவளுக்கு இடம். வருகிறவர் போகிறவர் கண்ணெல்லாம் படுகிற இடத்தில் பால் கொடுக்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தாள். அவளுடைய குழந்தை அழுதுகொண்டே இருந்தது.

பதினொரு மணிக்குள் கட்டில் காலியாக வேண்டும். பெரிய டாக்டர் முந்தின நாளே சொல்லிவிட்டார். முடியாதென்றால் மாசக் கடைசியில் இவள் இடத்துக்கு வேறு ஆள்.

வீட்டில் அம்மா கேட்பது வேறு மாதிரி. "டாக்டரும் இல்ல, நர்ஸும் இல்ல. ஆஸ்பத்திரியில உனக்கு அப்படி என்னதான்டி வேலை?"

கட்டில் பக்கத்தில் நின்ற அந்தப் பெண்ணின் மாமியாரை இவள் பார்த்தாள். எல்லாம் இந்த அம்மாவின் பிடிவாதம் என்று பட்டது. பொல்லாத கோபம் வந்தது.

"நீங்களாவது சொல்லுங்கம்மா. வெளிய ஒரு புள்ள தையலோட கெடக்குது."

"எனக்கு ராகு காலமெல்லாம் பெருசில்லீங்க அம்மிணி," என்றாள் மாமியார். "போன தடவ நான்தான் அவசரப்படுத்துனேன். ராகு காலமாவது ஒண்ணாவதுன்னு கூட்டிட்டுப் போயிட்டேன். கொழந்தைக்கு ஒரு மாசம் முடியலீங்க. காய்ச்சல் கொண்டுக்கிட்டுப் போயிருச்சு."

அந்தப் பெண் நிமிரவில்லை. துணிக்குள்ளிருந்த சின்னக் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

காய்ச்சலுக்கும் ராகுவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கோபப்பட்டதற்கு இவளுக்கு வெட்கமாக இருந்தது.

நர்ஸ் ரெஜினா வாசலில் வந்து நின்றாள். செக்யூரிட்டியைக் கூப்பிடட்டுமா என்று கண்ணாலேயே கேட்டாள். இதற்கு முன் இருந்த மேனேஜர் அப்படித்தான் செய்வாராம்.

வேண்டாம் என்று இவள் தலையாட்டினாள்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஆஸ்பத்திரி வாசப்படியத்தானே தாண்டக் கூடாது? கட்டில விட்டு எறங்கலாம்ல? கீழ என் ரூம் இருக்குது. பன்னெண்டு வரைக்கும் உனக்குத்தான்."

அந்தப் பெண் முதல் தடவையாக இவளைப் பார்த்தாள்.

"யாரும் வந்து எழுப்ப மாட்டாங்களே?"

"நான் வாசல்ல நிக்கறேன்."

பழைய திரைச்சீலைகளைப் போட்டு வைத்திருந்த அறைதான் இவளுடைய அறை. ஒரு மேசை, ஒரு நல்ல நாற்காலி. நாற்காலியில் அந்தப் பெண் உட்கார்ந்தாள். மாமியார் தரையில் காலை நீட்டிக்கொண்டாள். இவள் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றாள்.

மாடியிலிருந்து ரெஜினா போன் செய்தாள். ஸ்ட்ரெச்சர் பெண்ணைக் கட்டிலில் படுக்க வைத்தாயிற்று. குழந்தை பால் குடிக்கிறது.

அந்தப் பக்கம் போன கேஷியர் சும்மா போகவில்லை.

"ஏனுங்க மேடம், உங்க ரூமுக்கு நீங்களே காவலா?"

"என்னங்க பண்றது? எனக்கும் ராகு காலம்."

பன்னிரண்டு அடித்தது. இவள் கதவைத் தட்டவில்லை. தூங்கினால் தூங்கட்டும்.

கதவு உள்ளேயிருந்து திறந்தது.

கார் வாசலில் நின்றது. மாமியார் பைகளை ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தாள். வாசற்படிவரை வந்த பெண் அங்கேயே நின்றுவிட்டாள். ராகு காலம் போய்விட்டது. பயம் போகவில்லை.

"தமயந்தி, வா கண்ணு," என்றாள் மாமியார்.

அவள் அசையவில்லை. பிறகு குழந்தையை இவள் பக்கம் நீட்டினாள்.

"போன தடவ நான்தான் தூக்கிட்டுப் போனேன். நீங்க தூக்கிட்டு வாங்க."

இந்த ஆஸ்பத்திரியில் இதுவரை எந்த நோயாளியையும் இவள் தொட்டதில்லை. தொடுகிற வேலை இல்லை இவளுக்கு. கையை எங்கே கொடுப்பது என்றே தெரியவில்லை.

"கழுத்தத் தாங்குங்க," என்றாள் மாமியார். "அவ்வளவுதான். பயப்படாதீங்க."

சூடாக இருந்தது. எடையே இல்லை. முகத்தைச் சுளித்து, கொட்டாவி விட்டு, மறுபடி தூங்கியது. இவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

தோள் பையில் செல்போன் அடிக்க ஆரம்பித்தது. பெரிய டாக்டராகத்தான் இருக்கும்.

அடித்துக்கொண்டே இருந்தது.

இவள் குழந்தையோடு வாசற்படியைத் தாண்டி வலது காலை எடுத்து வைத்தாள்.