பச்சை ஒயர்

“யாரு சார் இதை மாட்டுனது?”

குளியலறையில் ஸ்டூல் மேல் நின்று கீசரின் மூடியைக் கழற்றியிருந்த முத்திருளன் கேட்டான். டேப் சுற்றி மடக்கிவிட்ட ஒரு பச்சை ஒயர் அவன் விரலில் தொங்கியது.

“தெரியலப்பா. வீடு மாறி வந்தப்ப யாரோ ஒரு ஆளு மாட்டுனான்” என்றார் கிரிதரன்.

அந்த யாரோ ஒரு ஆள் அவரேதான். நான்கு மாதத்துக்கு முன் செல்லூரிலிருந்து தல்லாகுளத்துக்குக் குடிவந்தபோது, எலக்ட்ரீஷியன் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்ததால் அவரே மாட்டிவிட்டார். சுவரிலிருந்து வந்தவை இரண்டே ஒயர்கள். கீசரின் மூன்றாவது ஒயரை டேப் சுற்றி உள்ளே தள்ளினார். இருபது வருஷமாக பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறவர் அவர்.

“எர்த் குடுக்காம விட்டிருக்கான் சார், கூறுகெட்ட பய.”

கிரிதரன் தலையை மட்டும் ஆட்டினார்.

“எத்தன நாளா சூடாகல?”

“நேத்துதான் போட்டுப் பாத்தேன். எனக்கு எப்பவும் பச்சத் தண்ணிதான். கீசர் போடுறது என் வீட்டம்மா வசுந்தரா மட்டுந்தான். அவ வாரப்ப வெந்நி இருக்கணும்ல, அதான் உன்னக் கூப்பிட்டேன்.”

“மேடம் ஊர்ல இல்லையா?”

“பரமக்குடி. அவ அம்மா வீட்டுக்குப் போயிருக்கா.”

அதைச் சொல்லும்போது அவர் முத்திருளனைப் பார்க்கவில்லை.

முத்திருளன் இறங்கி வந்து கீசர் சுவிட்சைப் போட்டான். டெஸ்டரைக் குழாயில் வைத்தான். டெஸ்டருக்குள் சிவப்பு வெளிச்சம் பளிச்சென்று எரிந்தது.

“போர் தண்ணி உப்பு படிஞ்சு எலிமென்ட் வெடிச்சிருக்கு சார். இப்ப முழுசா செத்துருச்சு. ஆனா ரொம்ப நாளாவே கரண்ட் தண்ணியில எறங்கியிருக்கும். எர்த்தும் இல்ல. குழாயத் தொட்டா சுள்ளுனு அடிச்சிருக்குமே, வீட்ல யாரும் சொல்லலையா?”



“இல்லப்பா. யாரும் சொல்லல.”

“நீங்க தொட்டதே இல்லையா?”

“ஒருதரம் தொட்டுப் பாத்தேன். ஒண்ணும் தெரியல.”

முத்திருளன் அவர் காலைப் பார்த்தான்.

“ரப்பர் செருப்பு போட்டுத் தொட்டா எப்படி சார் தெரியும்? வெறுங்காலோட ஈரத்துல நின்னாத்தான் தெரியும்.”

கிரிதரன் செருப்பை உதறினார். ஈரத் தரையில் கால் வைத்து, குழாயை நோக்கிக் கையை நீட்டினார். முத்திருளன் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தான்.

“என்ன சார் பண்றீங்க? படிச்சவங்கதான நீங்க?”

அவர் சுவரில் சாய்ந்து நின்றார். முத்திருளன் சுவிட்சை அணைத்து, மெயினையும் இறக்கிவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டான்.

“விடுங்க சார், யாருக்கும் ஒண்ணும் ஆகலைல்ல. நான் போயி எலிமென்ட் வாங்கிட்டு வாரேன். எர்த்தும் இழுத்துருவோம். மேடம் வந்தா பயமில்லாம குளிக்கலாம்.”

அவனுடைய வண்டிச் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது. கிரிதரன் வாசல் கதவைக்கூடச் சாத்தாமல் நின்றிருந்தபோது செல்போன் அடித்தது.

“சார், மனநல வார்டுல இருந்து சிஸ்டர் ஆரோக்கியம் பேசுறேன். நல்ல சேதி. போன மாசம் நீங்க கொண்டாந்து சேத்தப்ப, ‘குழாயத் தொட்டா கடிக்குது, எங்க வீட்ல யாருமே நம்ப மாட்டேங்கிறாங்க’ன்னு அழுதாங்கல்ல உங்க வீட்டம்மா? இன்னிக்கு டாக்டர்கிட்ட, ‘எந்தக் குழாயும் கடிக்கல, எல்லாம் என் பிரமைதான்’னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க. குணமாயிருச்சு சார், நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போங்க.”