மணல் புகுந்த பூட்டு

ஒரு மடக்குக் கத்திக்குள் அலகும் பூட்டும் குடியிருந்தன. கத்தியை விரித்ததும் அலகின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, அது மடங்காமல் தாங்கிக்கொள்வதுதான் பூட்டின் வேலை. நின்றதும் 'டக்'கென்று ஒரு சத்தம் கொடுக்கும். மீன் பிடிக்கும் அருளப்பன் அந்தச் சத்தத்தை நம்பித்தான் கத்தியை அழுத்துவான்.

ஒருநாள் கத்தி கடற்கரை மணலில் விழுந்தது. அவன் எடுத்து விரித்தபோது சத்தமென்னவோ வந்தது. ஆனால் காலடியில் மணல் புகுந்ததால் பூட்டுக்கு ஊன்றி நிற்க முடியவில்லை.

"என்னப்பா, ஒழுங்கா நிக்கிறியா?" என்று அலகு கேட்டது.

"நிக்கிறேண்ணே. சத்தம் கேக்கலையா?" என்றது பூட்டு. இத்தனை நாள் எடுத்த பேரை ஒரு பொடி மணலுக்காக விட்டுக்கொடுப்பதா?

அருளப்பன் வலையில் சிக்கிய தடித்த கயிற்றை அறுக்க உட்கார்ந்தான். அலகு மடங்கினால் அவன் விரல்கள்மேல்தான் விழும். அந்த விரல்களைப் பார்த்ததும் பூட்டுக்குத் தன் பேர் பெரிதாகத் தெரியவில்லை.

"அண்ணே, என்னால முடியலை" என்று சொல்லிவிட்டு, அவன் அழுத்துவதற்கு முன்பே விலகிக்கொண்டது. அலகு தொளதொளவென்று ஆடியது.

"அடடா, நல்லவேளை!" என்ற அருளப்பன் மணலைத் தட்டி, நல்ல தண்ணீரில் கழுவி, பூட்டுக்கு ஒரு சொட்டு எண்ணெயும் விட்டான்.

அலகுக்குப் பொறுக்கவில்லை. "முடியலைன்னு சொன்னவனுக்கு எண்ணெய்க் குளியல்! தினமும் அறுக்கிற எனக்கு ஒரு துடைப்புகூட இல்லை."

பூட்டோ காலை அழுத்தி ஊன்றுவதில் மும்முரமாக இருந்தது.