அழுகிற வாலண்டியர்

"சிஸ்டர், வாலண்டியர்னா நோயாளிக்கு ஆறுதல் சொல்ல வர்றவங்கதானே? இங்கே ஒருத்தி எங்கப்பாகிட்ட ஆறுதல் வாங்கிட்டுப் போயிட்டிருக்கா!"

தலைமை நர்ஸ் மருந்துச் சீட்டிலிருந்து நிமிர்ந்தார். இனி குணமாகாது என்று டாக்டர்கள் கைவிட்டவர்களைக் கடைசிவரை பார்த்துக்கொள்ளும் இல்லம் அது. அங்கே யாரும் இவ்வளவு சத்தமாகப் பேசுவதில்லை.

"யாரைச் சொல்றீங்க?"

"அந்தக் கண்ணாடி போட்ட பொண்ணு. சேர்ந்து ஒரு மாசம்கூட ஆகலை. கதவைச் சாத்திக்கிட்டு, 'ஐயா, என் புருஷன் என்கிட்ட பேசறதே இல்லை, மாமியார் படுத்தறாங்க'ன்னு ஒரே ஒப்பாரி. சாகக் கிடக்கிற மனுஷன்கிட்ட பேசற பேச்சா இது?"

மகளின் கோபத்தில் நியாயம் இருந்தது. அவளுக்கும்தான் கஷ்டம். கணவன் சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போய் இரண்டு மாதம் ஆகிறது. அப்பாவிடம் மூச்சு விட்டாளா? 'அவர் வேலை விஷயமா வெளியூர் போயிருக்காருப்பா' என்று சிரித்த முகமாகச் சொல்லிவிட்டு, பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வருகிறாள். பெற்ற மகளே எல்லாவற்றையும் மென்று முழுங்கிக்கொண்டிருக்கும்போது, எவளோ ஒருத்தி வந்து கொட்டுவதா?

"இன்னொண்ணு சிஸ்டர். நேத்து அப்பா அவரோட பழைய டைரியைக் கொண்டு வரச் சொன்னார். எதுக்குன்னு கேட்டா, 'ஒரு வக்கீல் நம்பர் வேணும்'ங்கிறார். இருக்கிறது ஒரே வீடு. அழுதே எழுதி வாங்கிடுவா போலிருக்கு."

நர்ஸின் முகம் மாறியது. சொந்தக் கதையை நோயாளியிடம் பேசக் கூடாது என்பதுதான் அங்கே வாலண்டியர்களுக்கு முதல் பாடம். இதில் வக்கீல் வேறு.

கூப்பிட்டு அனுப்பியதும், கழுவிக்கொண்டிருந்த டம்ளரோடு அந்தப் பெண் வந்து நின்றாள்.

"ஏம்மா, உன் குடும்பக் கதையையெல்லாம் ஐயாகிட்ட சொல்றியாமே?"

அவள் மகளைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "ஆமா சிஸ்டர்."

"பாத்தீங்களா, எவ்வளவு தைரியமா ஒத்துக்கறா!" என்றாள் மகள். "வக்கீல் எதுக்கு? அதையும் சொல்லு."

"என் வீட்டு விஷயமாத்தான் இருக்கும் அக்கா. ஐயாவேதான் பாத்துக்கறேன்னார்."

"உன் வீட்டுப் பஞ்சாயத்துக்கு எங்கப்பாதான் கிடைச்சாரா? முதல்ல உன் புருஷன் நம்பரைக் கொடு. நானே பேசறேன்."

"நம்பரா... அது வந்து..." என்று இழுத்தாள் அந்தப் பெண். இப்போது நர்ஸுக்கும் சந்தேகம் தட்டியது. அலமாரியைத் திறந்து அவளுடைய விண்ணப்பத்தை எடுத்துப் படித்தார். ஒருமுறைக்கு இரண்டுமுறை படித்தார்.

"கல்யாணம் ஆகலைன்னு எழுதியிருக்கியே?"

மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அடிப்பாவி! அப்போ மொத்தமும் பொய்யா?"

"ஆமா அக்கா. தயவுசெஞ்சு ஐயாகிட்ட சொல்லிடாதீங்க." அவள் டம்ளரை மேஜையில் வைத்தாள். "முதல் மூணு நாள் சுவத்துப் பக்கமே திரும்பிப் படுத்திருந்தார். தண்ணி வேணுமா, வலிக்குதான்னு கேட்டா எரிஞ்சு விழுந்தார். 'ஃபேக்டரியில நாப்பது வருஷம் சூப்பர்வைசரா இருந்து எத்தனை பேர் வழக்கைத் தீர்த்து வெச்சிருக்கேன். இப்ப வர்றவங்க எல்லாம் ஒண்ணுக்கு வருதான்னுதான் கேக்கறாங்க. யோசனை கேட்டு ஒருத்தரும் வரலை'ன்னார். எனக்கு என்ன பண்றதுன்னு தெரியலை. 'ஐயா, என் வீட்டுக்காரர் என்கிட்ட பேசி பத்து நாளாச்சு'ன்னு சொல்லிட்டேன். படக்குன்னு திரும்பி, 'முதல்ல உக்காரு'ன்னார். அன்னைக்குத்தான் ஒரு டம்ளர் பால் முழுசாக் குடிச்சார்."

"அந்த மாமியார், நாத்தனார் எல்லாம்?"

"டிவி சீரியல் அக்கா."

நர்ஸ் சிரிப்பை அடக்க இருமினார். மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா மூன்று வாரமாகச் சாப்பிடுவது தன் கைராசி என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் பெருமை அடித்திருந்தாள். கூசிப் போயிற்று.

"இருந்தாலும் ரூல்னு ஒண்ணு இருக்கே" என்று நர்ஸ் பேனாவை எடுத்தார்.

"நான் புகாரே சொல்லலை சிஸ்டர். நீங்களும் எதையும் படிக்கலை. எங்கப்பா நம்பிக்கிட்டே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அறைக்கு நடந்தாள் மகள்.

அப்பா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"டைரி கொண்டு வந்தியா?"

"இந்தாங்கப்பா. பாவம் அந்தப் பொண்ணு. நல்ல வக்கீலாப் பார்த்துச் சொல்லுங்க."

"அவளுக்கு எதுக்கு வக்கீல்?" அப்பா மூச்சு வாங்கச் சிரித்தார். "போன வாரம் நாத்தனாருக்கு ரெண்டு குழந்தைன்னா. இந்த வாரம் மூணுங்கறா. நாப்பது வருஷம் பொய் லீவு லெட்டர் படிச்சவன் நான், எனக்குத் தெரியாதா? அவகிட்ட சொல்லிடாதே. பாவம், ரொம்ப மெனக்கெட்டு வர்றா."

மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்போ இந்த வக்கீல் யாருக்குப்பா?"

"பிரிஞ்சவங்களை உக்கார வெச்சுப் பேசறதுல கெட்டிக்காரன். நான் இருக்கும்போதே பேசிடலாம்னு பாத்தேன்."

அப்பா கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து, அவள் உட்கார இடம் விட்டார்.

"இல்லாத புருஷனைப் பத்தி அவ தினமும் என்கிட்ட யோசனை கேக்கறா. இருக்கிற புருஷனைப் பத்தி நீ எப்பம்மா கேக்கப் போறே?"